மறுநிறுவலுக்குப் பின் மிஞ்சும் நிரல்கள்

விண்டோஸை மறுபடி நிறுவினால் கணினி முற்றிலும் புதிதாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வட்டின் எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டு நிறுவினால் அந்த நம்பிக்கை சரி. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. டி டிரைவில் படங்களும் ஆவணங்களும் இருக்கும். அதைத் தொடாமல் சி டிரைவில் மட்டும் நிறுவுவோம். என் மடிக்கணினியில் நான் சி டிரைவைக்கூட ஃபார்மட் செய்யவில்லை. பழைய பயனர் கோப்புறையிலிருந்து எடுக்க வேண்டியவை நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் நகலெடுத்து வைக்க வெளி வட்டில் இடம் போதவில்லை. அதனால் தெரிந்தேதான் பழையதன் மேலேயே புதியதை நிறுவினேன்.

நிறுவி முடித்ததும் சி டிரைவில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. டி டிரைவில், இடப் பற்றாக்குறையால் எப்போதோ அங்கே நிறுவியிருந்த நிரல்கள் எல்லாம் அவரவர் கோப்புறையில் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஆனால் செட்டிங்ஸில் உள்ள நிரல்களின் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படம் பார்க்கும் சிறிய நிரல் ஒன்று எந்தத் தடையும் இல்லாமல் திறந்தது. வீடியோ தொகுக்கும் நிரல் தனக்குத் துணையான ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்றது. இன்னொன்று எந்தப் பதிலும் சொல்லாமல் இருந்தது. பட்டியலில் இல்லாததை எப்படி நீக்குவது? இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். அதனால்தான் நான் பின்பற்றும் முறையை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் ஒரு நிரல் என்பது கோப்புறையில் இருக்கும் கோப்புகள் மட்டும் இல்லை. நிறுவும்போது அது ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் தன்னைப் பற்றி எழுதி வைக்கிறது: எங்கே இருக்கிறேன், என் பதிப்பு எது, எந்த வகைக் கோப்புகளை நான் திறப்பேன், என்னை நீக்க வேண்டுமானால் எந்தக் கோப்பை இயக்க வேண்டும். செட்டிங்ஸில் நாம் பார்க்கும் பட்டியல், அந்தப் பதிவேட்டில் 'அன்இன்ஸ்டால்' என்ற பெயரில் உள்ள பகுதிகளிலிருந்து எடுக்கப்படுவது. மறுநிறுவலில் பதிவேடு புதிதாகப் பிறக்கிறது. பழைய நிரல்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நூலகத்தின் அட்டவணை எரிந்துபோய், புத்தகங்கள் மட்டும் அலமாரியில் மிஞ்சியது போன்ற நிலை இது. எந்தப் பதிவும் தேவைப்படாத நிரல் ஓடும். பதிவை எதிர்பார்க்கும் நிரல் தடுமாறும்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. பழைய நிரல்கள் புதிய பதிவேட்டுக்குள் வரவே இல்லை என்பதால், அவற்றுக்காகப் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் வேலையும் இல்லை. மறுநிறுவல் முடிந்த கையோடு பதிவேட்டைத் துப்புரவாக்கும் மென்பொருளைத் தேடி இறக்குபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அப்படிப்பட்ட கருவிகளின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. புத்தம் புதிய பதிவேட்டில் அது அழிக்கக்கூடியது எல்லாம் நமக்குத் தேவையானதாகத்தான் இருக்கும்.

சி டிரைவில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறை. ஃபார்மட் செய்யாமல் நிறுவும்போது, பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, யூசர்ஸ் ஆகிய கோப்புறைகள் எல்லாவற்றையும் விண்டோஸின் நிறுவல் நிரல் அதற்குள் தள்ளிவிடுகிறது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மேம்படுத்தியிருந்தால், 10 நாட்கள் கழித்து விண்டோஸ் தானாகவே இதை நீக்கிவிடும். ஆகவே இதைப் பாதுகாப்பான பெட்டகமாக நினைத்து விட்டுவைக்கக் கூடாது. எடுக்க வேண்டியதை முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும்.

எதையெல்லாம் எடுப்பது? ஆவணங்களும் படங்களும் யாருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோவது ஆப்டேட்டா, அதாவது நிரல்கள் ஒவ்வொரு பயனருக்கும் தங்கள் அமைப்புகளையும் தரவையும் வைக்கும் இடம். அது மறைக்கப்பட்ட கோப்புறை. எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். குரோம் உலாவியின் புக்மார்க்குகள் அங்கே 'லோக்கல்' பகுதியில் ஒற்றைக் கோப்பாக இருக்கின்றன; நகலெடுத்தால் போதும். ஆனால் அதில் சேமித்த கடவுச்சொற்களை அப்படிக் கொண்டுவர முடியாது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்பட்டவை. ஃபயர்ஃபாக்ஸ் இந்த விஷயத்தில் வேறு மாதிரி: 'ரோமிங்' பகுதியில் உள்ள அதன் புரொஃபைல் கோப்புறையை முழுதாக எடுத்துவந்தால் கடவுச்சொற்களும் சேர்ந்தே வரும். அவுட்லுக் பயன்படுத்துகிறவர்கள், மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கட்டாயம் தேட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் எழுத்துருக்களையும் கவனிக்க வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள், அதே எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். பழைய எழுத்துருக்கள் விண்டோஸ்.ஓல்டுக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய ஆப்டேட்டாவுக்குள் போகின்றன. ஆகவே இரண்டு இடங்களிலும் பாருங்கள். இந்தக் கோப்புகளை இழந்தவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்கப் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமான ஓரிடம் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சித்தப்பாவின் கணினி. அவர் பல ஆண்டுகளாக ஒரே கணக்கு எழுதும் நிரலைப் பயன்படுத்துகிறார். மிகப் பழைய நிரல். தரவையும் தன் கோப்புறைக்குள்ளேயே எழுதும் வகை. விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு, "பழைய குப்பையை எல்லாம் நீயே பார்த்து எடுத்துவிடு. எனக்கு இந்த வருடக் கணக்கு மட்டும் போய்விடக் கூடாது" என்றார். விண்டோஸ்.ஓல்டுக்குள் அந்த நிரலின் கோப்புறையைத் திறந்தேன். தரவுக் கோப்புகள் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் பல வருடங்களுக்கு முந்தைய தேதி. நிரலை நிறுவிய காலத்துத் தேதி.

"சித்தப்பா, கடைசியாக எப்போது கணக்கு எழுதினீர்கள்?"

"போன வாரம்கூட எழுதினேனே."

அப்படியானால் போன வாரக் கணக்கு வேறெங்கோ இருக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத, நிர்வாகி அனுமதி இல்லாத நிரல்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த விதிக்கு முன்பே எழுதப்பட்ட பழைய நிரல்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக, அவை எழுத முயலும்போது விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்புகளை வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்த இடம் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் 'லோக்கல்' பகுதியில் உள்ள 'விர்ச்சுவல்ஸ்டோர்'. நிரலுக்கு இந்தத் திருப்பம் தெரியாது, பயனருக்கும் தெரியாது. விண்டோஸ்.ஓல்டுக்குள் சித்தப்பாவின் பெயருள்ள கோப்புறையில் அங்கே போய்ப் பார்த்தேன். போன வாரத் தேதியோடு எல்லாக் கணக்கும் இருந்தது. புதிதாக நிறுவிய நிரலில் அதைச் சேர்த்துக் கொடுத்ததும் அவர் ஒவ்வொரு மாதமாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

அன்றிலிருந்து, எந்தப் பழைய நிரலின் கோப்புறையையும் நீக்கும் முன் உள்ளே இருப்பவற்றை மாற்றிய தேதியின்படி வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். நிறுவிய நாளின் தேதியே எல்லாக் கோப்புகளுக்கும் இருந்தால் அது நிரல் மட்டும். அண்மைத் தேதியில் ஏதாவது இருந்தால் அது மனிதர் உழைத்துச் சேர்த்த தரவாக இருக்கக்கூடும். எண்ணெழுத்துப் பெயரைப் பார்த்து அதைக் குப்பை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அண்மைத் தேதி எதுவும் தென்படாவிட்டால் விர்ச்சுவல்ஸ்டோரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முன்பு எந்தெந்த நிரல்கள் இருந்தன என்பதே நினைவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய பதிவேடும் விண்டோஸ்.ஓல்டுக்குள் ஒரு கோப்பாக இருக்கிறது: 'விண்டோஸ்', அதற்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'கான்ஃபிக்', அதில் 'சாஃப்ட்வேர்' என்ற கோப்பு. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் கிளையைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் பட்டியில் 'லோட் ஹைவ்' மூலம் அந்தக் கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றினால், பழைய அன்இன்ஸ்டால் பட்டியலை முழுதாகப் படிக்கலாம். எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்புறையில் என்பதெல்லாம் பெரும்பாலும் கிடைத்துவிடும். படித்து முடித்ததும் 'அன்லோட் ஹைவ்' கொடுத்து இறக்கிவிட வேண்டும். பதிவேட்டோடு பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு விண்டோஸ்.ஓல்டை நீக்குவது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற வரி இருக்கும். அதைத் தேர்ந்து நீக்கச் சொன்னால் போதும். டிஸ்க் கிளீனப் கருவியிலும் இதே வசதி உண்டு. எக்ஸ்ப்ளோரரில் தேர்ந்தெடுத்து டெலிட் விசையை அழுத்துகிறவர்கள் அனுமதி இல்லை என்ற பதிலோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்தப் போராட்டம் தேவையற்றது. அதற்குள் பழைய பயனர் கோப்புறைகளில் வேறிடத்தைச் சுட்டும் இணைப்புகளும் இருக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து போய் அழிக்கும் கருவி எதையாவது ஏவிவிட்டால் உங்கள் இன்றைய கோப்புகள்கூடச் சிக்கக்கூடும். விண்டோஸ் வைத்ததை விண்டோஸே எடுக்கட்டும்.

டி டிரைவில்தான் உண்மையான வேலை. அங்கே உள்ளவற்றைப் பற்றி விண்டோஸ் கவலைப்படாது. நாம்தான் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

பதிவு எதுவும் இல்லாமலே ஓடும் கையடக்க நிரல்களை நீக்க அவசியமே இல்லை. ஒரு குறுக்குவழி உண்டாக்கிக்கொண்டால் போதும். விளையாட்டுகளையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் நிரலைப் புதிதாக நிறுவி, அதன் ஸ்டோரேஜ் அமைப்பில் பழைய நூலகக் கோப்புறையைச் சேர்த்தால், இருக்கும் கோப்புகளை அது அடையாளம் கண்டுகொள்ளும். பல ஜிகாபைட்டுகளை மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஆனால் பல விளையாட்டுகள் தங்கள் சேமிப்பை டாகுமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டாவில் வைக்கின்றன என்பதால், அவற்றை முன்பே விண்டோஸ்.ஓல்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

மற்ற நிரல்களின் கோப்புறையில் 'அன்இன்ஸ்' என்று தொடங்கும் ஓர் இயக்கக் கோப்பு இருக்கக்கூடும். அதைச் சொடுக்கினால் முறையாக நீங்கிவிடும் என்று தோன்றும். சில நேரம் நீங்கவும் செய்யும். ஆனால் அதே நிரலைச் சி டிரைவில் ஏற்கெனவே புதிதாக நிறுவியிருந்தால் அந்தப் பழைய நீக்கியைத் தொடவே வேண்டாம். பதிவேட்டில் எந்தப் பெயரை நீக்க வேண்டும் என்று அதற்குக் குறிப்பு இருக்கிறது. புதிய நிரலும் அதே பெயரில்தான் பதிந்திருக்கும். விளைவு, பழைய கோப்புகளோடு புதிய நிரலின் பதிவும் போய்விடும். பிறகு ஓடும் நிரல் பட்டியலில் இல்லாமல் போகும். கோப்புகளைச் சொடுக்கினால் எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். விண்டோஸின் சொந்த நிறுவல் சேவை வழியாக நிறுவப்படும் எம்எஸ்ஐ வகை நிரல்களில் இந்த வழி வேலையே செய்யாது. நீக்குவதற்குத் தேவையான கோப்பின் நகல் பழைய விண்டோஸின் 'இன்ஸ்டாலர்' என்ற மறைந்த கோப்புறையில் இருந்தது. புதிய விண்டோஸிடம் அது இல்லை.

தன் கோப்புறைக்கு வெளியேயும் கோப்புகளைப் பரப்பி வைத்திருக்கும் பெரிய நிரலாக இருந்தால் நான் கையாளும் வழி வேறு. அதே பதிப்பை, அதே கோப்புறையில் மறுபடி நிறுவுகிறேன். இப்போது பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. உடனே செட்டிங்ஸ் வழியாக நீக்குகிறேன். சுற்றுவழியாகத் தெரிந்தாலும், எங்கெங்கே என்னென்ன கிடக்கிறது என்று தேடி அலைவதைவிட இதில் நேரம் மிச்சம்.

மீதமுள்ளவற்றை நான் நேரடியாக அழிப்பதில்லை. கோப்புறையின் பெயருக்கு முன்னால் 'பழைய' என்று சேர்த்து மறுபெயரிட்டு, வழக்கமான வேலைகளைத் தொடர்கிறேன். ஏதாவது ஒரு நிரல் அந்தப் பாதையைத் தேடிக் குரல் கொடுத்தால் பெயரை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நொடி போதும். பெரிய கோப்புறைகள் மறுசுழற்சித் தொட்டியில் கொள்ளாமல் நேரடியாக அழிந்துவிடக்கூடும் என்பதால் தொட்டியை நம்புவதைவிட இதுவே நல்லது. மாதாந்திர வேலைகள் எல்லாம் ஒரு சுற்று முடியும்வரை எந்தப் புகாரும் வராவிட்டால் அழித்துவிடலாம். இந்த முறையில் உள்ள நிதானத்துக்காகவே யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லித் தருகிறேன்.

அழிக்கும்போது அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் தெரிந்திருப்பது நல்லது. விண்டோஸுக்கு உங்கள் பயனர் பெயர் முக்கியமில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அது கொடுக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண்தான் முக்கியம். பழைய கணக்கின் பெயரையே புதியதற்கும் வைத்திருந்தாலும் எண் வேறு. ஆகவே பழைய கோப்புகளுக்கு நீங்கள் அந்நியர். கோப்புறையின் புராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் உரிமையாளரை உங்கள் கணக்குக்கு மாற்றி, உட்கோப்புறைகளுக்கும் அது பொருந்தும்படி குறியிட்டு, பிறகு முழு அனுமதி கொடுத்தால் வழிவிடும். நீக்கப்போகும் அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். டி டிரைவ் முழுவதற்கும் செய்கிறவர்கள் உண்டு. அது பின்னால் தொல்லை தரும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகளை டி டிரைவுக்கு மாற்றியிருந்தால் 'விண்டோஸ்ஆப்ஸ்' என்ற பிடிவாதமான கோப்புறை மிஞ்சும். உரிமையாளரை மாற்றினாலும் சில நேரம் அசையாது. அப்போது லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து இயக்கி அங்கிருந்து நீக்குகிறேன். அதற்கு முன் விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேகத் தொடக்க வசதி வட்டை அரைத்தூக்கத்தில் விட்டுவிடும், லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். பிட்லாக்கரால் மறையாக்கம் செய்த வட்டானால் மீட்பு விசை கையில் இருக்க வேண்டும்.

எல்லாம் நீக்கிய பிறகும் பழைய நிரல்களின் குறுக்குவழிகள் டெஸ்க்டாப்பில் முளைப்பதைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் உண்டு. டெஸ்க்டாப்பை ஒன்டிரைவில் காப்பெடுக்கும்படி வைத்திருந்தால், கணக்கில் உள்நுழைந்ததும் அவை மேகத்திலிருந்து திரும்பி வருகின்றன. அவை வெறும் சுட்டிகள்; தயங்காமல் நீக்கலாம். உலாவியின் நீட்சிகளும் இதே வழியில்தான் திரும்புகின்றன. வேண்டாத நீட்சியை ஒத்திசைவு இயங்கும்போதே நீக்கினால், கணக்கிலிருந்தும் அது போய்விடும்.

வேறோர் உண்மையும் பலருக்கு வியப்பளிக்கும். வட்டை முழுதாக அழித்து நிறுவிய பிறகும் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் நிரல் தானாக வந்து உட்காருவது உண்டு. விண்டோஸ் 8 முதல், மதர்போர்டின் ஃபர்ம்வேரில் (அதன் சில்லிலேயே பதிந்த மென்பொருளில்) உள்ள ஒரு நிரலை எடுத்து இயக்கும் வசதி விண்டோஸில் இருக்கிறது. திருட்டுத் தடுப்பு மென்பொருள் வட்டு அழிந்தாலும் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படி வருவதைக் கோப்புறையில் அழித்துப் பயனில்லை; பயாஸ் அமைப்பில் அதை நிறுத்தும் தெரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸை வேறு பிரிவில் நிறுவியிருந்தால் கணினி தொடங்கும்போது இரண்டு விண்டோஸ் பெயர்கள் காட்டப்படும். எம்எஸ்கான்ஃபிக் கருவியின் பூட் தாவலில் பழையதை நீக்கலாம். இப்போது ஓடும் விண்டோஸ் எது என்று அங்கேயே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு நீக்குங்கள்.

கடைசிச் சோதனைக்கு நான் பயன்படுத்துவது ஆட்டோரன்ஸ். 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸின் இலவசக் கருவி அது. கணினி தொடங்கும்போது ஓடுபவை, சேவைகள், திட்டமிட்ட பணிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். சுட்டும் கோப்பு இல்லாத வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். மறுபடி நிறுவி நீக்கிய நிரல்கள் எதையாவது விட்டுச் சென்றிருந்தால் இங்கே அகப்படும். இங்கும் உடனே அழிக்காமல் முதலில் குறியை எடுத்து முடக்கி வைக்கிறேன்.

அடுத்த மறுநிறுவலுக்கு முன் செய்ய வேண்டியவற்றையும் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன். உரிமம் வாங்கிய நிரல்களில் பழைய நிறுவலின் செயலாக்கத்தை (ஆக்டிவேஷனை) முதலில் விலக்கிக்கொள்வது. இல்லாவிட்டால் அனுமதித்த கணினிகளின் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகவே நிற்கும். கட்டளை வரியில் நிரல்களை நிறுவும் விங்கெட் கருவியின் எக்ஸ்போர்ட் கட்டளையால் நிறுவிய நிரல்களின் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வெளி வட்டில் வைப்பது. புதிய விண்டோஸில் அதே கோப்பை இம்போர்ட் செய்தால், விங்கெட்டின் களஞ்சியத்தில் உள்ளவை வரிசையாக வந்து சேரும். கோப்புகளை வைத்துக்கொண்டு கணினியை ரீசெட் செய்கிறவர்களுக்கு, நீக்கப்பட்ட நிரல்களின் பட்டியலை விண்டோஸே டெஸ்க்டாப்பில் ஓர் எச்டிஎம்எல் கோப்பாக வைத்துவிடுகிறது. அதை அழித்துவிடாமல் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.